சிவப்பு வயர் எங்கே போகிறது?

பி.எஸ்.ஏ. சி15 பைக்கின் ஹெட்லைட்டைக் கழற்றியதும் மெக்கானிக் பாஸ் முதலில் தேடியது சிவப்பு வயரை. இன்றைய பைக்குகளில் பழகிய கை, சிவப்பைக் கண்டால் கரண்ட் வரும் வழி என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கால லூகாஸ் வயரிங்கில் பிளஸ்தான் எர்த். சிவப்பு போய்ச் சேருவது வண்டியின் இரும்பில். பேட்டரியின் மைனஸிலிருந்து வருவது பழுப்பு-நீலம். "இது தெரியாம மாத்திக் குடுத்து, ரெக்டிஃபயரச் சுட்டுட்டுத்தான் பாதி வண்டி இங்க வருது தம்பி" என்றார்.

இலங்கை மலையகத்தில் ஹட்டன் நகருக்குச் சற்று மேலே, ஒரு தகரக் கூரையின் கீழ் இருக்கிறது அவருடைய கராஜ். இளவயதில் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கொழுந்து வாட்டும் விசிறிகளின் மோட்டார்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். ஈரம் மின்சாரத்தை என்ன செய்யும் என்பதை அங்கேயே கற்றிருக்கிறார்.

மலையகத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உறவு பழையது. நுவரெலியாவில் மஹாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது. தோட்டத்து உதவி மேலாளர்களான சின்னத்துரைமார் மலையை வலம்வந்ததும் இப்படிப்பட்ட வண்டிகளில்தான். 1970களில் இறக்குமதி இறுகியபோது உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. 1977க்குப் பிறகு ஜப்பான் வண்டிகள் வந்தன. பிரிட்டிஷ் வண்டிகள் கைமாறி, கிடைத்த வயரால் ஒட்டுப்போடப்பட்டு ஓடின. நான் பார்த்த சி15இலும் அந்த வரலாறு அப்படியே கிடந்தது: ரேடியோ வயர், வீட்டு பிளக் வயர், எங்கும் போய்ச் சேராத ஒரு மஞ்சள் வயர்.

"அத்தனையும் வெட்டி எறிஞ்சா லேசாயிடும்ல அண்ணே?" என்று கேட்டேன்.

"எதுக்கு இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் எறியலாம்."

அவர் விளக்கியது இதுதான். 1958இல் இந்த வண்டி வந்தபோது அதில் ரெகுலேட்டர் கிடையாது. ஆல்டர்னேட்டரிலிருந்து மூன்று வயர்கள் கிளம்பும். அவற்றில் சில லைட் சுவிட்ச் வரை ஏறிப்போய்த் திரும்பும். விளக்கு அணைந்திருந்தால் சுருள்களில் ஒரு பகுதி மட்டும் பேட்டரிக்கு ஊட்டும். ஹெட்லைட் போட்டால் எல்லாம் சேரும். பேட்டரி மிதமிஞ்சி சார்ஜ் ஆகாமல் காக்கத்தான் இந்தச் சுற்றுவழி. பேட்டரி செத்த நேரத்தில் உதைத்துக் கிளப்ப இன்னொரு வழியும் உண்டு. அந்தக் காலத்துக்கு அது நல்ல மூளை. ஆனால் மழையில் துருவேறும் சுவிட்சில் வண்டியின் உயிர் தொங்குகிறது.

பாஸ் பச்சை-கறுப்பையும் பச்சை-மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி ஈயம் வைத்தார். மூன்று இரண்டானது. இரண்டும் பிளஸ் எர்த்துக்கு ஏற்ற ஒரு சிறிய ரெகுலேட்டர்-ரெக்டிஃபயர் பெட்டிக்குள் போயின. சுவிட்ச் வரை ஏறி இறங்கிய அந்த நீண்ட கற்றை தேவையற்றுப் போனது. ஆறு வோல்ட் வண்டி பன்னிரண்டானது. பல்பு, காயில், ஹார்ன் மாற்ற வேண்டியதாயிற்று. பேட்டரி அருகே ஒரே பியூஸ்.

வயரைக் குறைத்தவர் ஓர் இடத்தில் கூட்டினார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. ஹெட்லைட்டின் எர்த் ஹேண்டில் பேரிங் வழியாகத்தான் சேசிஸுக்குப் போகிறது. நடுவில் கிரீஸ், துரு. தென்மேற்குப் பருவக்காற்று மாதக்கணக்கில் நனைக்கும் ஊரில் அதை நம்ப முடியுமா? ஹெட்லைட்டிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தனி எர்த் வயர் இழுத்தார். பழைய இணைப்பு ஒன்றின் ரப்பர் உறையைக் கிழித்துக் காட்டினார். உள்ளே செம்பு பச்சைக் களிம்பேறி, நகம் பட்டதும் உதிர்ந்தது.

வயரைக் குறைப்பது பெரிய வித்தை இல்லை என்பவர்கள் அவர் பக்கத்தில் ஒரு மதியம் உட்கார வேண்டும். வேலையில் பாதி நேரம் டெஸ்ட் பல்பும் கையுமாக ஒவ்வொரு வயரின் மறுமுனையைத் தேடுவதிலேயே போயிற்று. பிறகு கராஜில் உதவிக்கு நின்ற பையனிடம், தோட்டத்தின் பழைய செக்ரோல் (வருகைப் பதிவு) தாளொன்றின் பின்பக்கத்தில் புதிய வயரிங் படத்தை வரையச் சொன்னார். மூலையில் "பிளஸ் எர்த்" என்று இரண்டு முறை அடிக்கோடிடச் செய்து, பிளாஸ்டிக் பையில் மடித்து சீட்டின் அடியில் கட்டினார்.

"அடுத்து இதத் தொறக்கிறவன் எவனோ? பண்டாரவளையில இருந்தாலும் படத்தப் பாத்தா வேலையச் செஞ்சிருவான்."