கட்டத்தைவிடச் சிறியது

படிமம் என்ற சொல்லைக் கவிதைக்கென்றே வைத்துக்கொண்டு நாம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டோம். மருத்துவத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் ஓசையில்லாமல் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்: உடம்பின் உள்ளே பார்க்கிற வித்தைக்குப் படிமவியல் என்று பெயர். 2019இல் என் அண்ணனின் உடம்பை அந்த வித்தையிடம் ஒப்படைக்க நேர்ந்தபோது சொல்லுக்கு வேறு கனம் வந்தது.

அண்ணனுக்குப் பிள்ளையார்பாளையத்தில் நெசவு. நாலைந்து வருஷமாகவே தறிக்குழியை விட்டு எழுந்து எழுந்து ஓடுவான், வயிற்றுப்போக்கு. திடீரென்று முகம் சிவந்து தணியும். குடி என்றது தெரு. குடல் கோளாறு என்றார்கள் வைத்தியர்கள். கடைசியில் கல்லீரலில் கட்டிகள் தெரிந்து, சதை எடுத்துப் பார்த்து, நியூரோஎண்டோகிரைன் கட்டி என்றார்கள். ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து கிளம்புவது.

எங்கள் ஊருக்குப் புற்று புதிதல்ல. இங்கே பிறந்த சி. என். அண்ணாதுரை 1968இல் நியூயார்க் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 1969 பிப்ரவரியில் இறந்தார். காரப்பேட்டையின் புற்றுநோய் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான். ஆனால் அண்ணனுக்கு வந்தது வேறு ஜாதி. 1907இல் ஜெர்மானிய மருத்துவர் ஓபர்ண்டார்ஃபர் இதற்கு இட்ட பெயர் கார்சினாய்டு: புற்று போன்றது. நோய்க்கு ஓர் உவமையே பெயர். சாது என்று நம்பி வைத்தது. பரவவும் கூடும் என்று 1929இல் அவரே எழுதினார். உவமை தோற்றது, பெயர் நின்றுவிட்டது.

கட்டி முதலில் பிறந்த இடம் தெரியவேண்டும் என்று ஒரு ஸ்கேனுக்கு வெளியூர் அனுப்பினார்கள். அத்திவரதரைப் பார்க்க ஊருக்குள் ஜனம் வந்துகொண்டிருந்த ஜூலை மாதம். நாங்கள் எதிர்த்திசையில் போனோம்.

இந்த ஸ்கேன் கட்டியின் உருவத்தைத் தேடுவதில்லை. இவ்வகைக் கட்டிகள் பலவற்றின் செல்கள்மேல் சோமாடோஸ்டாடின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மிகுந்திருக்கும். அந்த ஹார்மோன் போல ஒன்றைச் செய்து, காலியம்-68 என்ற கதிர்வீசும் அணுவை அதில் கட்டி நரம்பில் ஏற்றுகிறார்கள். காலியம் 68 நிமிஷத்தில் பாதியாகிவிடும். வாங்கிச் சேமிக்க முடியாது. ஜெர்மானியம் அடைத்த கலத்திலிருந்து அவ்வப்போது எடுக்கிறார்கள். அதைக் கறப்பது என்றே சொல்கிறார்கள். ஒரு மணிநேரம் காத்திருந்தால் கட்டி அதைப் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து கதிர்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே பாய்கின்றன. கோடுகள் குறுக்கிடும் இடங்களைக் கருவி கணக்கிட்டுப் புள்ளி வைக்கிறது. தெரிவது கட்டியின் பசி.

படத்தில் மிகக் கறுத்திருந்த இடத்தைக் கண்டு அண்ணன் வெளிறிப்போனான். அது மண்ணீரல், எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். கட்டி பிறந்த இடம் சிறுகுடலில் மங்கலாக ஒரு புள்ளி. ஏற்பிகளை இழந்துவிட்ட மூர்க்கமான கட்டிகள் இதில் தெரியாமலே போகலாம், அவற்றுக்குக் கதிரேற்றிய சர்க்கரையைக் கொடுத்துப் பார்க்கிற ஸ்கேன் வேறு என்றார் டாக்டர்.

மற்ற இடங்களில் எதுவும் காணவில்லை என்று அறிக்கை முடிந்திருந்தது. அந்த வாக்கியத்தின்மேல் சாய்ந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. அண்ணன் வாழ்நாளெல்லாம் கிராப் தாளோடு புழங்கியவன். புடவை டிசைனைத் தாளில் வரைந்து, கட்டம் கட்டமாக அட்டையில் துளையிட்டு ஜக்கார்டில் ஏற்றுவார்கள். அவன் கேட்டான்: "இதுல ஒரு கட்டம் எவ்ளோ பெருசு சார்?"

சில மில்லிமீட்டர் என்றார்.

"அதவிடச் சின்னதா இருந்தா?"

"தெரியாதுங்க."

அண்ணன் தலையாட்டினான். மயிலுக்குக் கண் வைக்க ஒரு கட்டமாவது வேண்டும். கட்டம் பெரிதானால் மயில் குருடு. தறி அவனுக்கு இதை முன்பே சொல்லியிருந்தது. படிமம் எதைக் காட்டுகிறது என்றே நாம் கேட்டுவந்திருக்கிறோம். எவ்வளவு சிறியது வரை காட்டும் என்று நம்மில் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

இப்போது 28 நாளுக்கு ஒரு ஊசி. அதே ஹார்மோன் போலச் செய்ததுதான், கதிர் இல்லாமல். கட்டி எதைப் பிடித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்ததோ, அதையே கொடுத்து அதை அடக்கி வைத்திருக்கிறார்கள். முகம் அவ்வளவாகச் சிவப்பதில்லை. ஒரே இருப்பாக ஒரு மணிநேரம் தறியில் உட்கார முடிகிறது. அடுத்த ஸ்கேன் பற்றிப் பேச்செடுத்தால், "கட்டம் சின்னதாயிருக்கான்னு பாப்போம்" என்கிறான்.