டில்லியில் ஒரு மந்தாரை

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளியில் படித்து வந்தவர்கள் நாம். டில்லியிலோ அது மாசியில் வந்து, பங்குனி முடியுமுன் விடைபெற்றுவிடுகிறது. சான்று வேண்டுவோர் பிப்ரவரி இறுதியிலோ மார்ச் மாதத்திலோ லோதித் தோட்டத்துக்குச் சென்று பார்க்கலாம். சுல்தான்களின் கல்லறை மண்டபங்களைக் கண்டபின், இலை உதிர்ந்த கிளைகளில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து பூத்து நிற்கும் சிறு மரங்களையும் தேடிப் பாருங்கள். கச்னார் என்பர் இவ்வூரார். அயல்நாட்டு மரமோ என்று ஐயுற வேண்டாம். ஒட்டகக் குளம்பு போல் நுனி பிளந்த இலை துளிர்த்ததும் உண்மை விளங்கிவிடும். நம் மந்தாரையேதான்! இதன் இனத்து இலைகளைத் தைத்து உண்கலமாக்கிய வழக்கத்தை நம் பாட்டிமார் நன்கறிவர். இரு மடல் ஒட்டிய அந்த இலையைக் கருதியே, பாஹின் என்னும் சகோதரர் இருவரின் நினைவாகத் தாவர நூலார் இவ்வினத்துக்குப் பாஹீனியா என்று பெயரிட்டனர்.

வீட்டு முற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரம் டில்லியில் அரிது. ஆனால் நர்சரியில் வாங்கும்போது விழிப்பு வேண்டும். இதே இலையுடன் ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும் உடன்பிறப்பு ஒன்று உண்டு. கன்றில் வேறுபாடு தெரியாது. பூவில் தெரியும்: வசந்தத்தில் பூப்பதற்கு மகரந்தத் தாள்கள் ஐந்து, மற்றதற்குப் பெரும்பாலும் மூன்று. ஆகவே, பூத்துள்ள மரத்தடியில் விதை பொறுக்கி முளைக்க வைப்பதே மேல். ஆனி, ஆடி மழையில் ஊன்றினால் விரைவில் முளைக்கும். நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் போதும். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இலை உதிர்ந்தால்தான் பூ நிறையும். மெல்லிய கிளைகளை நறுக்குவதாயின் பூ முடிந்தபின் நறுக்குக. மார்கழியில் கத்தி வைத்தால் அவ்வாண்டுப் பூ போயிற்று.

மொட்டுகளை இங்குள்ளோர் தயிர் சேர்த்துச் சமைக்கின்றனர். சற்றுக் கசக்கும், வேகவைத்துப் பிழிந்து, தேங்காய் தூவிப் பொரியலாகவும் செய்யலாம்.

“குவார்ட்டர்ஸில் மரம் நட்டு என்ன பயன்? நாளை மாற்றல் வந்தால்?” என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். சொந்த நிலத்து மரத்தையும் அனுமதியின்றி வெட்டலாகாது என்கிறது 1994ஆம் ஆண்டின் டில்லி மரப் பாதுகாப்புச் சட்டம். ஆயினும், நம்மவர் பலர் வாழ்ந்த சரோஜினி நகரும் நேதாஜி நகரும் உள்ளிட்ட அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்க 2018இல் பல்லாயிரம் மரங்களை வெட்டத் திட்டமிட்டனர். மக்கள் மரங்களைக் கட்டித் தழுவி நின்றனர். உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் வெட்டுவதை நிறுத்திவைத்தது. அம்மரங்களுள் எத்தனை, மாற்றலாகிப் போன குடும்பத்துப் பெண்கள் அரிசி களைந்த நீர் ஊற்றி வளர்த்தவையோ!

நடத்தான் வேண்டும் என்பது என் கருத்து. மூன்று நான்கு ஆண்டுகளில் பூத்துவிடும் மரம் இது. ஒரு மாற்றலுக்கும் அடுத்ததற்கும் இடையே அந்தக் காலம் பலருக்குக் கிட்டும். கோடை வெயிலில் முற்றிய காய்கள் பட்டென்று வெடித்து முற்றமெங்கும் விதை தெறிக்கும். புறப்படுகிறவர்கள் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லலாம்.