ஒரு குரலிலிருந்து ஒரு கூட்டம்

ஒரே ஒலிப்பதிவை எத்தனை முறை அப்படியே அடுக்கினாலும் ஓசை பெருகுமேயன்றிக் கூட்டம் பிறப்பதில்லை. ஏனெனில் பலர் சேர்ந்து பாடும்போது ஒவ்வொருவரும் சுருதியிலும் காலத்திலும் சற்றே விலகுவதைக் கொண்டே செவி அதைக் கூட்டமென உணர்கிறது. ஒருவரையே மீண்டும் பாடவைத்து அடுக்கும் ‘டபுள் டிராக்கிங்’ முறை இவ்விலகலை இயல்பாகவே தருகிறது. அவ்வாறு இருமுறை பாடுவதை விரும்பாத பாடகர் ஜான் லெனனுக்காக, லண்டன் ஈ.எம்.ஐ. ஒலிக்கூடத்துப் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966இல், பதிவின் நகலை இன்னொரு ஒலிநாடாக் கருவியில் ஓடவிட்டு, அதன் வேகத்தைச் சற்றே அலையவைத்து, நொடியின் மிகச் சிறு பங்கு இடைவெளியில் மூலத்தோடு கலந்தார். கருவி தரும் இவ்விரட்டை, தானாகவே பிழைபடும் மனிதக் குரலுக்கு முற்றிலும் ஈடாகாது. அயர்லாந்துப் பாடகி என்யா பாடற்குழுவின் திரட்சியை எய்தியது தாமே பலமுறை பாடி அடுக்கித்தான். ஆயினும் அடுக்கப்பட்டவை யாவும் ஒரே குரலின் நிறம் கொண்டவை ஆதலால், அவை ஊர்த்திரளாக அன்றி உடன்பிறந்தோர் குழுவாகவே ஒலிக்கின்றன.