தசையின் சத்தம்

வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கும் உப்பளங்களில் 30 வருசம் உப்பு வாரியவர் எங்க சின்னையா. பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும், பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்: "இனி அது கை இல்ல, கட்டை."

அப்படி இல்லை என்று காட்டியது ஒரு சின்னக் கருவி. பயோஃபீட்பேக் என்கிறார்கள். மணிக்கட்டைத் தூக்கும் தசைக்கு மேலே, முன்கைத் தோலில் மின்வாய்களை ஒட்டுகிறார்கள். தசை சுருங்க முயலும்போது மிக நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. கை அசையாவிட்டாலும் அந்த முயற்சியைக் கருவி பிடித்துச் சத்தமாகவும் திரையில் ஏறும் கோடாகவும் காட்டிவிடும். எப்படி முயன்றால் கோடு ஏறுகிறது என்று பார்த்துப் பார்த்து நோயாளி தன் கையை மறுபடி பழக்குகிறார். 1960இலேயே அமெரிக்காவில் மரினாச்சி, ஹோராண்டே இருவரும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தசையில் கொஞ்சமாவது சமிக்ஞை மிஞ்சியிருந்தால்தான் பலன். பயிற்சியும் விடாமல் நடக்க வேண்டும்.

கருவி சத்தம் போட்டதும் சின்னையா சொன்னார்: "ஏலே, உள்ள ஆள் இருக்காம்லே!"

வாரிய உப்புக்குக் கணக்கு இருந்தது. சுமந்த மூட்டைக்குக் கணக்கு இருந்தது. அந்தக் கை என்ன பாடுபட்டது என்று அதுவரை எவனும் கணக்கு வைத்ததில்லை.

ஆனால் கருவியைக் கும்பிட்டு உட்கார்ந்துவிடவும் முடியாது. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்த பால் பிராண்ட், பிறகு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், உணர்ச்சி செத்த கைகளுக்காக, அழுத்தம் கூடினால் ஒலியெழுப்பும் கையுறைகளைச் செய்து பார்த்தார். கையிலிருந்த வேலையை முடிப்பதற்காக ஆட்கள் அந்த எச்சரிக்கையைச் சட்டை செய்யவில்லை. முயற்சி தோற்றது. கருவி பேசினால் மட்டும் போதாது. அது சொல்வதைக் கேட்டு நடக்க மனுசனுக்கு வசதி வேண்டும்.

வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ஒவ்வொரு நாளும் சின்னம்மாவுக்கு அளத்துக் கூலி போச்சு. பஸ் செலவு வேறு. அஞ்சாம் தடவையோடு நின்றுபோனது. பிறகு அங்கே சொல்லிக்கொடுத்தபடி, இடது கை விரல்களை வலது முன்கையில் வைத்து, தசை இறுகுகிறதா என்று தொட்டுப் பார்த்தே பழகினார். விரலே கருவி. தொட்டுத்தான் தீரவேண்டிய மருத்துவம் இது. தீட்டுப் பார்க்கிறவனுக்கு இதில் வேலையில்லை.

மறுவாழ்வுச் சேவை அரசின் கடமை என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்றும் சேர்த்துக்கொள்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வரும் என்றது. வரட்டும், கருவியோடு வரட்டும். கூடவே நாம் கேட்கவேண்டியது இன்னொன்று: பயிற்சி நாளுக்கும் கூலி.