பரிசலில் ஒரு டேப்லெட்!

டேப்லெட் என்றதும் தலைவலி மாத்திரையை நினைத்துவிடாதீர்கள். இது சிலேட்டு மாதிரி இருக்கிற கம்ப்யூட்டர் சமாச்சாரம்!

அமெரிக்காவில் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும், படகு வைத்திருப்பவர்களும் டேப்லெட்டை முன்னால் மாட்டி அதன் வழிகாட்டலில் போகிறார்கள். நமக்கென்ன குறைச்சல்? ஒரு டெம்போ டிராவலர், ஒரு பரிசல். இரண்டும் ஒரே நாளில் வேண்டுமென்றால் பரளிக்காடு போகலாம்.

கோவையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். காரமடையில் ரங்கநாதருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இடது பக்கம் வெள்ளியங்காடு ரோட்டைப் பிடிக்க வேண்டும். ரங்கநாதரோடு இன்னொரு வேலையும் அங்கேயே முடித்துவிடுங்கள்... மேப்பை முழுசாக டவுன்லோட் செய்துகொள்வது! வெள்ளியங்காடு தாண்டி மலை ஏறினால் டவர் நம்மோடு கண்ணாமூச்சி ஆடும்.

"டவர் இல்லாவிட்டால் ஜி.பி.எஸ். எப்படி ஸார்?" என்பீர்கள். ஜி.பி.எஸ்ஸுக்கு டவர் தேவையே இல்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நாலு கண்ணில் பட்டால் போதும், நாம் நிற்கிற இடத்தைச் சொல்லிவிடும். டவர் வேண்டியது படத்தை வரவழைக்கத்தான். படம் கையில் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும்!

டேப்லெட் வாங்கும்போதும் உஷார். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது; சிம் வசதியுள்ள மாடலில்தான் உண்டு. காசு மிச்சம் என்று வாங்கிவிட்டால், காட்டுக்குள் அதில் சினிமாதான் பார்க்கலாம்.

பரளிக்காட்டில் பில்லூர் அணையின் நீர்த்தேக்கம். கோவை குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. பரிசல் ஓட்டுபவர்கள் அங்குள்ள பழங்குடி மக்கள், ஏற்பாடு வனத்துறை. முன்பதிவு இல்லாமல் போய் நிற்கக் கூடாது. பரிசல் ஓடுகிறதா என்பதையும் கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள்.

பரிசலில் ஏறியதும் டேப்லெட்டின் பவிசு குறைய ஆரம்பிக்கும். பரிசல்காரர் ஜாலியாக ஒரு சுற்று சுற்றினால், மேப்புக்கே தலை சுற்றல்! தவிர, அணைத் தண்ணீர் ஏறும், இறங்கும். மேப்பில் உள்ள நீலம் மட்டும் என்றைக்கோ வரைந்தது வரைந்தபடி இருக்கும். அது தண்ணீர் என்று காட்டுகிற இடத்தில் சேறு இருக்கலாம். எங்கே ஆழம், எங்கே பாறை என்பதெல்லாம் துடுப்பு பிடிக்கிறவருக்குத்தான் தெரியும். அவர் லைஃப் ஜாக்கெட் மாட்டச் சொன்னால் மறுபேச்சு பேசாமல் மாட்டுங்கள். டேப்லெட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர்!

திரும்பி வரும்போதுதான் நிஜமான பரீட்சை. மேப் 'இத்தனை நிமிஷம்' என்று கணக்காகச் சொல்லும். வளைவில் யானைக் கூட்டம் நின்றால் எத்தனை நிமிஷம் என்று அதற்குத் தெரியாது. குறுக்கு வழி என்று அது காட்டுகிற கோடு, செக்போஸ்ட்டில் மூடியிருக்கிற காட்டுப் பாதையாகவும் இருக்கலாம். அதனால் வெள்ளியங்காட்டில் டீ குடிக்க நிறுத்தும்போதே, "ஏனுங்க, இந்த ரோட்டுல எப்பத் திரும்பி வந்தா நல்லதுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். "பொழுது சாயறதுக்குள்ள இறங்கிப் போடுங்க கண்ணு, அப்பறம் அது ஆனை ரோடு" என்பார்கள்.

அந்தத் தகவலை எந்தச் செயற்கைக்கோளும் அனுப்பாது. டீ விலைக்குக் கிடைக்கிறது, விடாதீர்கள்!