பாஞ்சோ வில்லா என்னும் சிக்கல்

மெக்சிகோவின் பாஞ்சோ வில்லாவைப் பற்றி எத்தனை படித்தாலும் மனம் ஒரு பக்கம் நிற்கமாட்டேன் என்கிறது.

1878இல் துராங்கோ மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் தொரோத்தேயோ அராங்கோ. மாடு திருடியும் வழிப்பறி செய்தும் மலைகளில் திரிந்தவரை 1910இல் மதேரோ என்ற தலைவர் தொடங்கிய மெக்சிகோ புரட்சி இழுத்துக்கொண்டது. குதிரையும் துப்பாக்கியும் மலைப்பாதையும் அத்துப்படியான ஆளுக்கு அதற்குமேல் என்ன பயிற்சி வேண்டும்? 1913 முடிவதற்குள் புரட்சிப் படையின் வடக்குப் பிரிவுக்குத் தளபதி, சிவாவா மாகாண ஆளுநர். பெரும் பண்ணையார்களின் நிலங்களைப் பறிமுதல் செய்தார், பள்ளிகள் திறந்தார், இறைச்சி விலையைக் குறைத்தார்.

புரட்சியாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்ட 1915இல் செலாயா நகரில் முள்கம்பிக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் எதிராகக் குதிரைப்படையை ஏவித் தோற்றார். அதே ஆண்டு டிசம்பரில் சான் பெத்ரோ தெ லா குவேவா கிராமத்து ஆண்களைச் சுட்டுக் கொல்ல உத்தரவிட்டதும் அவர்தான். இரக்கம் கேட்டு வந்த பாதிரியாரும் தப்பவில்லை.

1920இல் அரசோடு சமாதானமாகி, கனுத்தியோ பண்ணையைப் பெற்றார். பண்ணையார்களை விரட்டியவர் தானே பண்ணையாரானார். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்! 1923 ஜூலை 20 அன்று பர்ரால் நகரில் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

பள்ளிக்கூடத்தை மட்டும் சொல்லிப் படம் மாட்டுகிறவர்களையும், படுகொலையை மட்டும் சொல்லிக் கடந்துபோகிறவர்களையும் நான் நம்புவதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிற நண்பர்கள் பேசுங்கள், கேட்கிறேன்.