வெயிலும் வெக்கையும்: பிச்சாட்டூரில் ஒரு மேற்குச் சன்னல்

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது பிச்சாட்டூர் என்ற பெயர் தமிழ்நாட்டுச் செய்திகளில் அடிபடும். அணை நிரம்பியது, உபரிநீர் ஆரணியாற்றில் திறந்துவிடப்பட்டது, ஊத்துக்கோட்டை வட்டாரக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்ற அளவில் செய்தி முடிந்துவிடும். மழை நின்றால் ஊரும் மறக்கப்படும். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் இருக்கிற அவ்வூரின் கோடையைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. கோடைக்கு எச்சரிக்கை விடும் அணை ஏதும் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

அவ்வூரில் கடைத்தெருவுக்குப் போகும் சாலையை ஒட்டி, மேற்கு பார்த்த சன்னலுடன் ஓர் அறை. அதில் எண்பதைக் கடந்த ஒரு மூதாட்டி. இடுப்பெலும்பு முறிந்து இரண்டாண்டுகளாகக் கட்டிலே அவருக்கு ஊர். வீட்டில் பேசுவது தமிழ். சன்னலுக்கு வெளியே பேசுவது பெரும்பாலும் தெலுங்கு. காய்கறிக் கூடைக்காரி நின்று, "அவ்வா, பாகுன்னாரா?" என்று கேட்பாள். இவர் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். அவளுக்கும் அது புரியும். எல்லை எங்கே ஓடினாலும் இப்பகுதியின் பேச்சு இப்படித்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்கும், பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்களை ஆந்திரத்துக்கும் மாற்றிய எல்லைத் திருத்தம் வரைபடத்தைத் திருத்தியது. சன்னலோரப் பேச்சை அது தொடவில்லை.

புத்தூரில் வேலை பார்க்கும் மகன், தாயின் பொருட்டு அந்த அறைக்கு ஏசி வாங்கி மாட்டினார். முதல் கோடையிலேயே மின்கட்டணம் அவரைத் திகைக்க வைத்தது. ஆந்திரத்தில் வீட்டு மின்சாரத்துக்கு மாதந்தோறும் பட்டியல் வரும். தமிழ்நாட்டைப்போல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அன்று. 2022-23ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி முதல் 30 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 1.90 ரூபாய், 225 யூனிட்டைத் தாண்டினால் 8.75 ரூபாய். ஏசி ஓடும் வீட்டில் கடைசியாகச் சேரும் யூனிட்டுகள் எல்லாம் அந்த விலை உயர்ந்த படியில்தான் விழும். எனவே சேமிக்கப்படும் யூனிட்டும் அந்த விலையில்தான் சேமிக்கப்படும். யாரோ சொன்ன யோசனைப்படி திருப்பதியில் ஒரு கடையிலிருந்து சன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் சன் ஃபிலிம் வாங்கி வந்தார். உள்ளிருந்து பார்த்தால் சாம்பல் நிறம், வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி.

இந்தப் படலத்தை ஊரில் பலர் இன்னும் 'கார் ஸ்டிக்கர்' என்றே சொல்வார்கள். காரணம் உண்டு. 2012 ஏப்ரல் 27 அன்று உச்சநீதிமன்றம் வாகனக் கண்ணாடிகளில் கறுப்புப் படலம் ஒட்டுவதைத் தடை செய்தது. தொடர்ந்து வந்த மே மாதத்தில் சாலையோரங்களில் போலீசார் கார்களை நிறுத்திப் படலத்தை உரிக்க வைத்த காட்சி நாடு முழுதும் நினைவிலிருக்கும். அத்தடை வாகனத்துக்கு உரியது. வீட்டுச் சன்னலுக்கு அன்று. ஆயினும் 'இது சட்டவிரோதம் அல்லவா' என்ற ஐயம் வீட்டுக்காரர்களிடம் இன்றும் எழுகிறது.

ஒட்டும் வேலை பார்வைக்கு எளியது. கண்ணாடியைச் சோப்புநீரால் துடைத்து, பிளேடால் பழைய பெயிண்ட் துளிகளைச் சுரண்டி, மறுபடி சோப்புநீர் தெளித்து, பாதுகாப்புத் தாளை உரித்த படலத்தை வழுக்கியபடி பொருத்தி, ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ள வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். இல்லையெனில் ஒரு தூசி போதும், அது ஆயுள் முழுதும் குமிழாக நிற்கும். முதல் சில வாரங்கள் உள்ளே தங்கிய ஈரத்தால் கண்ணாடி மங்கலாக இருக்கும், பின் தெளியும். மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தார். இரண்டு குமிழ்கள் மட்டும் மிஞ்சின.

பலன் இருந்ததா? இருந்தது. நான்கு மணிக்குக் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தொட முடிந்தது. அதன் கணக்கை இங்கே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். நான்கடிக்கு நான்கடி சன்னல் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். கோடையில் பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் நேராக விழும்போது சதுர மீட்டருக்கு 600 வாட் என்று கொள்வோம். வெறுங்கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். நல்ல படலம் ஒட்டியபின் ஐந்தில் இரண்டு பங்கு. மிச்சமாவது ஏறத்தாழ 360 வாட். மூன்று மணிநேரத்துக்கு ஒரு யூனிட் அளவு வெப்பம். ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்றால், நாளொன்றுக்கு மூன்றில் ஒரு யூனிட். மாதத்துக்குப் பத்து, பதினொரு யூனிட். விலைப்படியின் மேல்தட்டில் தொண்ணூறு ரூபாய்க்குச் சற்று மேல். கடைக்காரர் வாயால் சொல்லும் சேமிப்போடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. பொய்யான தொகை அன்று.

ஆனால் அந்த மூதாட்டி ஒட்டிய மறுவாரமே ஒரு முறையீட்டை வைத்தார். "வெயில் போச்சுடா. வெக்கை போகல."

வெப்பத்தைக் குறிக்கத் தமிழில் இருக்கும் சொற்களை அகராதிகள் ஒன்றுக்கொன்று பொருளாக அடுக்கிவிடுகின்றன. பேச்சில் அவை ஒன்றல்ல. வெயில் என்பது கதிரவனிடமிருந்து நேரே வந்து விழுவது. ஒளியும் சூடும் சேர்ந்தது. அடிக்கும், காயும், நிழலில் ஒதுங்கினால் விலகும். வெக்கை என்பது காய்ந்த சுவரும் தளமும் தரையும் திருப்பி உமிழ்வது. அதற்கு ஒளி இல்லை, திசை இல்லை, இரவு பத்து மணிக்கும் உண்டு. புழுக்கம் என்பது காற்றின் ஈரத்தால் வியர்வை உலராமல் நிற்பது. அனல் காற்றோடு வருவது. தெலுங்கிலும் 'எண்ட' வேறு, 'உக்கபோத' வேறு. முன்னது வெயில், பின்னது புழுக்கம். கட்டட இயற்பியல் குற்றலைக் கதிர்வீச்சு, நெட்டலைக் கதிர்வீச்சு, மறைவெப்பம் என்று பிரித்துப் படிப்பவற்றை இப்பகுதிக் கிழவிகள் இரண்டு மொழிகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவர் சொன்னதில் இயற்பியல் பிழை எதுவும் இல்லை. சன்னல் படலம் தடுப்பது வெயிலை. வெக்கை வேறு வழியாக வருகிறது.

எந்த வழி என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிச்சாட்டூர் ஏறத்தாழ 13.4 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில், கத்திரி தொடங்கும் முன்பே, நண்பகல் சூரியன் அவ்வூரின் உச்சிக்கு வந்துவிடும். ஆகஸ்ட் நடுப்பகுதி கடந்து மீண்டும் ஒருமுறை உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே கொடுங்கோடையில் தெற்குச் சன்னலுக்கு நேர்வெயில் அநேகமாக இல்லை. அதற்குப் படலம் ஒட்டுவது வீண். கிழக்குக்குக் காலையில் உண்டு, மேற்குக்கு மாலையில் உண்டு. சன்னலுக்கு மேலே நீட்டிய சஜ்ஜா நண்பகல் வெயிலைத் தடுக்கும். நான்கு மணியின் சாய்வெயிலை அதனால் தடுக்க முடியாது. ஆனால் நாள் முழுதும் வெயில் வாங்குவது மொட்டைமாடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் தளம் ஏறத்தாழ 11 சதுர மீட்டர்; உச்சிவெயிலில் அதன்மேல் விழுவது பத்து கிலோவாட் அளவு. சன்னலில் விழுவது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு. தளத்தில் விழுவதில் சிறுபங்கே உள்ளே இறங்கும் என்பது உண்மை. அந்தச் சிறுபங்கு கான்கிரீட்டைக் கடந்துவர மணிக்கணக்காகும் என்பதால் மாலையில், படுக்கப் போகும் நேரத்தில், தலைக்கு மேலிருந்து இறங்கும். அதற்குத்தான் வெக்கை என்று பெயர்.

படலத்தைப் பரிந்துரைக்கும் கட்டுரைகள் பல குளிர்நாடுகளிலிருந்து வருபவை. அங்கே சன்னல்தான் வீட்டின் பலவீனமான இடம். சுவரும் கூரையும் பஞ்சு அடைத்துக் காப்பிடப்பட்டவை. இங்கே ஒற்றை மாடி கான்கிரீட் வீட்டில் கூரைக்கு எந்தக் காப்பும் இல்லை. நோயும் மருந்தும் வேறு வேறு உடல்களுக்கு உரியவை. மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்ட குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பான 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' இவ்விஷயத்தில் சிந்திக்கத்தக்கது. கூரைக்குத் தனி வெப்ப வரம்பு, சுவருக்கும் சன்னலுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற வரம்பு, வெப்ப ஈரப்பகுதிகளில் திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடு. இவற்றோடு கண்ணாடி குறைந்தது எவ்வளவு ஒளியை உள்ளே விட வேண்டும் என்றும் அது வரையறுக்கிறது. சன்னல்கள் குறைவான சாதாரண வீட்டில் 27 விழுக்காடு. அதாவது, வெயிலைத் தடுக்கிறேன் என்று வீட்டை இருட்டாக்கிப் பகலில் விளக்கெரிப்பதை அது ஏற்பதில்லை.

மூதாட்டியின் இரண்டாவது முறையீடு எந்த விதித்தொகுப்பிலும் இல்லாதது. கூடைக்காரி இப்போதெல்லாம் நிற்பதில்லை என்றார். கோபமோ என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மகன் தெருவில் நின்று பார்த்தபோதுதான் விளங்கியது. பகலில் வெளியே வெளிச்சம் மிகுதி. உலோகம் பூசிய படலம் அதைத் திருப்பி அனுப்புகிறது. தெருவில் போகிறவர் கண்ணுக்குச் சன்னலில் தெரிவது வானமும் எதிர்வீடும் தம் முகமும். ஏசிக்காகச் சன்னல் சாத்தியே இருந்தது. உள்ளே கிழவி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எவரும் பார்க்கவில்லை. இரவில் விளக்கேற்றினால் நிலை தலைகீழாகும். தெருவுக்கு அறை முழுதும் தெரியும். உள்ளிருப்பவருக்குத் தம் உருவம் மட்டும். "ராத்திரியானா ஒரு கிழவி உக்காந்து என்னையே பாக்குறா" என்றார். மகன் சிரித்தார், அவர் சிரிக்கவில்லை.

சன்னல் என்ற சொல் போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'விலிருந்து வந்தது. அதற்கு முன்பு தமிழில் சாளரம் இருந்தது, காலதர் இருந்தது. சிலப்பதிகாரத்தில் இரண்டும் உண்டு. காலதரில் கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்றின் வழியைக் கண்ணாடியால் அடைத்து, கண்ணாடியைப் படலத்தால் மூடி, உள்ளே இயந்திரத்தால் காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது. எண்பது வயது உடல் மே மாதத்தைத் தாங்க வேண்டுமே என்ற கவலை உள்ளவருக்கு அந்த எளிமை வாய்ப்பதில்லை. அவர் இரண்டையும் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆகவே மறுபடி சோப்புநீரும் பிளேடும். கீழ்ப்பாதிக் கண்ணாடியில் இருந்த படலத்தை உரித்தார். ஒட்டியதைவிட உரிப்பதற்குக் கூடுதல் நேரமானது, பசை விடவில்லை. மேல்பாதியை அப்படியே விட்டார். சன்னலுக்கு வெளியே, சஜ்ஜாவிலிருந்து, சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டினார். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரைச்சீலை முழுதாகத் திருப்பி அனுப்பாது. வெளியிலேயே மறிக்கும் தட்டி கண்ணாடியைக் காயவே விடாது. இரண்டரை மணிக்கு மருமகள் தட்டியை இறக்குவார். ஐந்தரைக்கு எதிர்வீட்டு மாடி வெயிலை மறைத்ததும் சுருட்டிக் கட்டிவிட்டு, ஏசியை நிறுத்திச் சன்னலைத் திறப்பார். மொட்டைமாடிக்கு இரண்டு கைச் சுண்ணாம்பு அடித்தார்கள். மழைக்குப்பின் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும். ஏசி 24இல் நிற்கிறது. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் அந்த எண்ணில்தான் தொடங்குகின்றன. அதைக் குறைக்க இப்போது எவரும் கேட்பதில்லை.

அடுத்த மாதப் பட்டியல் முன்னதைவிடக் குறைவாக வந்தது. அதில் சுண்ணாம்பின் பங்கு எவ்வளவு, தட்டியின் பங்கு எவ்வளவு, இடையில் பெய்த ஒருநாள் மழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த வீட்டில் மீட்டர் ஒன்றுதான் இருக்கிறது. கூடைக்காரி மட்டும் தட்டி சுருட்டப்பட்ட முதல் மாலையில் நின்று, இத்தனை நாள் ஊரில் இல்லையா என்று தெலுங்கில் கேட்டாள். இங்கேதான் கிடந்தேன் என்று தமிழில் பதில் வந்தது.